பாஸ்புக் யார் கையில் இருக்கிறது? குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளும் பதில்களும்

சமூகநலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு கோத்தகிரிப் பக்கம். குடும்ப வன்முறை, பணச் சுரண்டல், பாலியல் தொல்லை பற்றிய சட்டங்களும் ஆய்வுகளும் எனக்குத் தெரியும். வாய்தா, சர்வே எண், பாகப்பிரிவினை எல்லாம் வக்கீலிடம் கேளுங்கள். உங்கள் பெயர், ஹட்டி (படுகர் கிராமம்), எஸ்டேட் எதையும் எழுத வேண்டாம். ஆபத்து இந்த நிமிடமே என்றால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.

கூடலூர்: அக்கா, என் தோட்டச் சம்பளத்தையும் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயையும் கணவரே ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொள்கிறார். செலவுக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அடிப்பதில்லை. இதையும் வன்முறை என்பார்களா?

பதில்: சட்டமே அப்படித்தான் சொல்கிறது, தங்கச்சி. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3இல் உடல், பாலியல், வார்த்தை மற்றும் மனம், பொருளாதாரம் என்று நான்கு வகைகளைச் சொல்கிறது. உங்களுக்கு உரிய பணத்தை உங்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்வது நான்காவது வகை. உடம்பில் தழும்பு இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதை எப்படி நிறுத்துவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் பல பெண்களின் நிலை இதுதான். கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் ரகசிய எண்ணை எழுதி, கணவர் கையில் கொடுத்திருப்பார்கள். கணக்கோடு இணைத்த செல்போன் எண்ணும் அவருடையதாக இருக்கும். பணம் வந்த செய்தி முதலில் அவருக்குத்தான் போகும். கார்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போய் முதலில் செல்போன் எண்ணை மாற்றுங்கள், பிறகு பழைய கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள். உங்கள் கணக்கை வைத்து அவருடைய போனில் பணப் பரிமாற்றச் செயலி ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் இதற்கெல்லாம் அவருடைய சம்மதம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. கார்டை மாற்றுவது தெரிந்ததும் சண்டை கைகலப்பாக மாறலாம். ஆண் தன் பிடி நழுவுகிறது என்று உணரும் நேரமும் பெண் பிரிந்துபோக நினைக்கும் நேரமுமே அதிக ஆபத்தானவை என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அக்கா வீடோ அம்மா வீடோ, அன்று இரவு எங்கே போவீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுப் பேங்குக்குப் போங்கள்.

இன்னொன்று: எந்த வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோத்தகிரி, வயது 71: அம்மா, இரண்டு ஏக்கர் தேயிலையை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது இலைக்காசு முழுவதும் அவன் கணக்குக்குப் போகிறது. மருந்துக்குக் கேட்டால் கதவைச் சாத்துகிறான்.

பதில்: ஐயா, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி குன்னூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுங்கள், கோத்தகிரி தாலுகா அவர் கோட்டத்தில்தான் வருகிறது. வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். பத்திரத்தை ரத்து செய்ய வழி தருவது பிரிவு 23. உங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. ஆகவே பத்திரத்தின் நகலை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.

இதைப் படிக்கும் மற்ற பெரியவர்களுக்கு: "உயிருள்ள வரை பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது" என்று எழுதாத செட்டில்மென்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் வேண்டாம், சொந்தப் பிள்ளைதானே" என்பார். அவருக்கு என்ன போயிற்று.

ஊட்டி: மேடம், இந்தச் சட்டங்களை வைத்துப் பொய் வழக்குப் போடுகிறார்களே?

பதில்: பொறுமையாகவே சொல்கிறேன். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட்டதும் யாரையும் கைது செய்வதில்லை. அதில் கிடைப்பது பாதுகாப்பு, வீடு, பணம் பற்றிய உத்தரவுகள். உத்தரவை மீறினால்தான் பிரிவு 31இன்படி ஓராண்டு வரை சிறை. நீங்கள் மனதில் வைத்திருப்பது மனைவியைக் கொடுமைப்படுத்துவது பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவு 498ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 85. அதிலும் யோசிக்காமல் உடனே கைது செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே போலீசுக்குக் கட்டளையிட்டுவிட்டது.

குன்னூர்: கணவர் ஒருமுறை கழுத்தை நெரித்தார். சில நொடிகள்தான். தடம் எதுவும் இல்லை, குரல் மட்டும் இரண்டு நாள் கரகரத்தது. பெரிதுபடுத்தலாமா?

பதில்: பெரிய விஷயம்தான். இங்கே வந்த கேள்விகளில் என்னை அதிகம் பயமுறுத்தியது இது. கணவரோ காதலரோ முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், அந்தப் பெண் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு என்று 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. வெளியே தடம் தெரியாதது வழக்கம். உள்ளே குரல்வளையோ ரத்தக்குழாயோ பாதிக்கப்பட்டிருக்கலாம். குரல் மாற்றம், விழுங்கும்போது வலி, தலைச்சுற்றல் எல்லாம் அதன் அடையாளங்கள். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அங்கே டாக்டரிடம் "பாசிப் படியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் நம் ஊர் மருத்துவமனைப் பதிவேடு முழுக்க இந்த ஒரு வரிதான். நடந்ததைச் சொல்லி, அதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து, அந்தப் பதிவின் (ஏ.ஆர்.) நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

குன்னூர், இன்னொருவர்: அம்மா, இவ்வளவு சட்டம் எதற்கு? டாஸ்மாக் கடையை மூடினால் எல்லாம் நின்றுவிடும்.

பதில்: குடி ஆபத்தைக் கூட்டுகிறது, மறுக்கவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் வன்முறையை அனுபவித்தவர்கள். குடிக்கவே குடிக்காதவர்களின் மனைவியரில் அது 23 சதவீதம். கடையை மூடினால் அந்த 23 எங்கே போகும்?

அதே குன்னூர்க்காரர்: 70 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுதான் என் வாதம்.

அருவங்காட்டிலிருந்து ஒரு பெண்: ஐயா, என் வீட்டுக்காரர் டீயைத் தவிர எதையும் தொடமாட்டார். கணக்கு நோட்டில் பத்து ரூபாய் குறைந்தால் அதே நோட்டால் அடிப்பார்.

பதில்: குன்னூர் ஐயா, குடித்தவர் பஸ் கண்டக்டரை அடிப்பதில்லை, மேஸ்திரியை அடிப்பதில்லை. வீடு வந்து சேரும்வரை கை அடங்கித்தானே இருக்கிறது? யாரை அடிக்கலாம் என்ற கணக்கு போதையிலும் அழிவதில்லை. கடைகள் குறைந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் இருவரும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வீடோ நிலமோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் நீண்டகாலமாக அடி வாங்கியவர்கள். நிலம் வைத்திருந்தவர்களில் 18, வீடு வைத்திருந்தவர்களில் 10, இரண்டும் வைத்திருந்தவர்களில் 7.

குன்னூர்க்காரர்: வசதியான பெண்கள் அடி வாங்குவதில்லை என்பதைத்தானே இது காட்டுகிறது?

பதில்: வருமானம், படிப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் சொத்தின் விளைவு மறையவில்லை. தன் பெயரில் வீடு இருந்தால், "வெளியே போ" என்ற மிரட்டல் அவளிடம் பலிக்காது. அவளே வெளியேறினாலும் போக ஒரு கூரை உண்டு.

தேவாலா: அக்கா, எங்கள் பக்கம் ஜென்ம நிலம், அதாவது ஒரு காலத்தில் ஜென்மி என்ற நிலக்கிழாருக்குச் சொந்தமாக இருந்த நிலம். ஆணுக்கே பட்டா இல்லை. பெண் பெயரில் எதை எழுதுவது?

பதில்: இந்த விவாதத்திலேயே உருப்படியான கேள்வி இதுதான். கூடலூர், பந்தலூரில் "பிரிவு 17" என்றால் 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் வழக்கு நிலம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். குடும்ப வன்முறைச் சட்டத்திலும் ஒரு பிரிவு 17 இருக்கிறது. பட்டாவோ பத்திரமோ தன் பெயரில் இல்லாவிட்டாலும் குடும்பம் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது அது. மாமனார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்து தர முடியாத இடத்தில் இந்த உரிமையையாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் "நானே போகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

டாஸ்மாக் பற்றி இனி பதில் எழுத மாட்டேன்.

வால்பாறையிலிருந்து இங்கே மாறி வந்தவர்: லயன் வீடு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) கணவர் பெயரில் கொடுத்தது. நான் என்ன செய்வது?

பதில்: உங்களை வெளியேற்றக்கூடாது என்று கணவருக்கு உத்தரவிடக் கேட்கலாம், முடியாவிட்டால் அவர் செலவில் மாற்று வீடு. இரண்டும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 19இல் உண்டு. நீங்களும் அதே எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி என்றால் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள், சங்கத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெயர் இல்லாமல்: பொய் வழக்குகள் பற்றி...

பதில்: மேலே ஊட்டிக்காரருக்குச் சொன்னதுதான்.

ஹோம்ஸ்டே ஊழியர்: நாங்கள் நான்கு பேர்தான். முதலாளியே பாலியல் தொல்லை தருகிறார்.

பதில்: பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அங்கேதான் போக வேண்டும்.

ஒரு ஆசிரியை: பதினான்கு வயது மாணவி உறவினர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: முடித்துக்கொள்ள முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி உங்களுக்குத் தெரிந்த பிறகு போலீசில் தெரிவிப்பது கடமை, தெரிவிக்காமல் இருப்பது குற்றம். இன்றே காவல் நிலையம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள்.

ஊட்டி, மறுபடியும்: ஆண்கள் அடி வாங்கினால்? பொய்ப் புகார்?

பதில்: அடிவாங்கிய ஆணும் போலீசில் புகார் கொடுக்கலாம். வயதான தகப்பனுக்கு மேலே சொன்ன 2007 சட்டம் இருக்கிறது. பொய்ப் புகார் பற்றி இங்கே மூன்றாவது முறையாகக் கேள்வி வருகிறது. அதே தேசிய ஆய்வில், அடியோ பாலியல் வன்முறையோ பட்ட பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. நான் நேரம் செலவிட விரும்புவது அவர்களுக்காக.

பந்தலூர்: அக்கா, சமூகநல அலுவலகம் ஊட்டியில். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், திரும்பும் வழியில் யானை நின்றால் பஸ்ஸும் நின்றுவிடும். என்ன செய்வது?

பதில்: ஊட்டிக்குப் போக வேண்டியதே இல்லை. சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 12இன்படி நீங்களே நேராக மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டும் போதும், கூடலூரிலேயே கோர்ட் இருக்கிறது. சட்ட உதவி எண் 15100க்குப் பேசினால் இலவச வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. மனு வந்தால் பொதுவாக மூன்று நாளைக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும். அவசரம் என்றால் கணவர் வராமலேயே இடைக்கால உத்தரவு கேட்கலாம். மனுவை முழுதும் படித்துக்காட்டச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.