மயில் சுருண்டுபோனால்

அன்புள்ள அக்காவுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில், நாலாம் மாடியில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. இயற்கைப் பொருட்களால் ஓர் உருவம் செய்துவரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். விழுந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி மயில் செய்தாள். தோகைக்கு மாவிலை, கழுத்துக்குச் செவ்வரத்தை இலை. மூன்றாம் நாள் எல்லாம் சுருண்டுவிட்டன. கண்காட்சிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, கடையில் பிளாஸ்டிக் இலை வாங்கி ஒட்டுங்கள் என்கிறார்கள். பிள்ளை ஒரே அழுகை. வார்னிஷ் அடித்தால் நிற்குமா? லமினேட் பண்ணலாமா? முற்றமே இல்லாத நாங்கள் பிள்ளைக்கு இயற்கையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

ஒரு தாய்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வார்னிஷ் வேண்டாம், லமினேட்டும் வேண்டாம். பிள்ளை அழுததற்கு மனம் நோகாதீர்கள். பிளாஸ்டிக் இலைக்காகப் பிள்ளை அழுது நான் கண்டதில்லை. மூன்று நாளும் அந்த மயிலைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள், அதனால்தான் அது வாடியது அவளுக்கு வலித்தது. அந்த வலியை அவளிடமிருந்து பறிக்காதீர்கள்.

ஏன் சுருண்டது என்று சொல்லிக் கொடுங்கள். இலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காய்வதில்லை. கூடச் சுருங்கும் பக்கம் மற்றப் பக்கத்தை இழுக்கும். மெல்லிய செவ்வரத்தை இலை கெதியில் வாடும், தடித்த மாவிலை தாக்குப்பிடிக்கும். மயிலின் கழுத்துத்தான் முதலில் போயிருக்கும். அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

வாடும் பொருளில் அழகு செய்வது எங்களுக்குப் புதிதில்லை. வாசலில் போடும் மாக்கோலம் எறும்புக்குப் போகும். குருத்தோலைத் தோரணத்தில் மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, அமங்கலத்துக்கு வேறு மடிப்பு. கட்டியவர் அது வாடும் என்று தெரிந்துதான் கட்டுகிறார். சிங்களவர்கள் பௌத்த பிரித் ஓதும் மண்டபத்தைச் சோடிக்கும் கொக்கொல வேலையும் அதே தென்னங்குருத்துத்தான். இன்றைக்குப் புறக்கோட்டையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வாங்கலாம். வருடக்கணக்காக நிலையில் தூசி பிடித்துத் தொங்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கும். விசேஷம் எப்போது முடிந்தது என்றே அந்த வீட்டுக்குத் தெரியாது.

பிரித்தானியாவில் அண்டி கோல்ட்ஸ்வர்த்தி என்றொரு கலைஞர் இருக்கிறார், 1956இல் பிறந்தவர். இலை, கல், பனிக்கட்டி என்று கிடைத்த இடத்தில் கிடைத்ததை வைத்துச் செய்வார். பசை இல்லாமல், இலையோடு இலையை முள்ளால் கோப்பார். செய்ததைப் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவார். முள்ளின் இடத்தில் எங்களுக்கு ஈர்க்கு இருக்கிறது. விளக்குமாற்றில் ஒன்றை உருவிக் கொடுத்துப் பாருங்கள், பசைப் போத்தலை அவள் மறந்துவிடுவாள்.

போன மாதம் மெரின் டிரைவ் பக்கம், தண்டவாளத்துக்கு இப்பால், ஒரு கொட்டம்பா (நாட்டு வாதுமை) மரத்தின் கீழ் ஆறேழு பிள்ளைகளுடன் இருந்தேன். அந்த மரம் இலையைச் சும்மா உதிர்க்காது, சிவக்க வைத்துத்தான் உதிர்க்கும். பச்சையில் தொடங்கி மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கடைசியில் மண்ணிறம் என்று நிறம் பார்த்து அடுக்கி நீளமாக ஒரு பாம்பு செய்தார்கள். வால் முடியவில்லை, ரயில் வந்தது. அந்தக் காற்றில் பாதிப் பாம்பு பறந்துவிட்டது. "அன்ரி, மண்ணிறம் முழுக்கப் போயிட்டுது, பச்சை அசையேல்லை" என்றாள் ஒரு சின்னவள். காய்ந்தது பாரம் குறைந்தது, பச்சையில் தண்ணீர் இருக்கிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாம் முறை மண்ணிற இலைகளுக்கு மேல் கல் வைத்தார்கள்.

முற்றம் இல்லை என்கிறீர்கள். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் முதன்முதலாக ஈரநில நகரங்களாக அறிவிக்கப்பட்ட பதினெட்டில் கொழும்பும் ஒன்று. பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பலகைப் பாதையில் நடந்தால் காலுக்குக் கீழே சதுப்பு. அதுவும் தூரம் என்றால் தெருவோர மழைமரம் போதும். பகலில் ஒருமுறையும் பொழுதுபட்ட பின் ஒருமுறையும் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், இரவில் இலைகளை மடித்துக்கொண்டு நிற்கும். பூவரசம் பூ கிடைத்தால் இன்னும் நல்லது. மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவக்கும். அதை வைத்துச் செய்யும் உருவம் தானாகவே நிறம் மாறும்.

ஒன்று மட்டும் கவனம். எருக்கலம் பால் கண்ணில் படக்கூடாது. குண்டுமணி கடுமையான நஞ்சு, சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கண்காட்சிக்கு மயிலைப் புதிதாகச் செய்ய வேண்டாம். டீச்சரிடம் நேரில் பேசுங்கள். செய்த அன்று படம் எடுத்திருந்தால் அதையும், இன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை மகள் பார்த்து வரையும் படங்களையும், சுருண்ட மயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் கேளுங்கள். ஒரு டீச்சர் இதற்கு மாட்டேன் என்பார் என்று நான் நினைக்கவில்லை.

கண்காட்சி முடிந்ததும் அந்த இலைகளைப் பல்கனியில் ஒரு பூச்சாடி மண்ணில் அவளையே புதைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கிளறிப் பார்க்கட்டும். செவ்வரத்தை இலை முதலில் போகும், மாவிலையின் நரம்பு கனகாலம் கிடக்கும் என்பது என் எண்ணம். அவள் என்ன கண்டாள் என்று அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள், இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா