மழைக்கு அப்புறம் ஒரு பக்க ஹெட்லைட் மங்கல்: கனெக்டரை வீட்டிலேயே சோதிக்கலாமா?

கேள்வி: வள்ளியூர்ப் பக்கம் இருக்கிறேன். பழைய கார், ஹாலஜன் பல்ப். ஐப்பசி மழைக்கு அப்புறம் இடது ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிகிறது. வயரிங் கிட்டையே (வயர்க் கட்டு முழுவதையும்) மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மல்டிமீட்டரில் கனெக்டரை வைத்துப் பார்த்தால் பீப் வருகிறது. நானே இன்னும் என்ன பார்க்கலாம்? ஷாக் அடிக்குமா?

பதில்:

தாராளமாகப் பார்க்கலாம். கிட்டை மாற்றச் சம்மதிக்கும் முன் கட்டாயம் பாருங்கள். முதலில் இடது பல்பையும் வலது பல்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கலும் கூடவே இடம் மாறினால் பல்ப்தான் போச்சு, நூறு இருநூறு ரூபாயோடு முடிந்தது. மங்கல் இடது பக்கமே நின்றால் மேலே படியுங்கள்.

அந்த பீப்பை நம்ப வேண்டாம். மீட்டர் அதற்கு அனுப்புவது துளியூண்டு கரண்ட். முப்பது ஓம் தடை இருந்தால்கூடப் பல மீட்டர்கள் கத்திவிடும். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் வரும். ஆனால் 55 வாட் பல்புக்கு நாலரை ஆம்பியர் ஓட வேண்டுமே! கனெக்டருக்குள் பச்சை பூத்த (களிம்பு ஏறிய) பின்னில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். நாலு ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே போய்விடும், 8 வாட் சூடாக மாறும். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகுவது இதனால்தான். பல்புக்கு 12-க்குப் பதில் 10 வோல்ட் போனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்த அரை ஓமை ஓம் அளவில் வைத்துப் பிடிப்பதும் கஷ்டம். மலிவு மீட்டரின் வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி, பீப் வைத்துப் பார்ப்பவர்களிடம் "லைட்டப் போட்டுப் பாரும்வே, சத்தத்தக் கேட்டு என்ன செய்யப் போறீரு?" என்பார். விஷயம் அவ்வளவுதான். லைட் எரியும்போது எங்கே வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும்.

ஷாக் பற்றிக் கேட்டீர்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, சுடும். மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மோதிரம் பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து நொடியில் பழுத்துவிடும். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வரிசை மாறி, பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஆகவே பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது. வீட்டு டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவராதீர்கள். 12 வோல்ட்டுக்கு அது எரியவே எரியாது. எரியாததைப் பார்த்துக் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர்கள் உண்டு.

மீட்டரில் சிவப்பு வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். 10 ஆம்பியர் ஓட்டையில் இருந்தபடி பேட்டரியில் வைத்தால் நேர் ஷார்ட். மலிவு மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸே இருக்காது. வோல்ட் ஓட்டைக்கு மாற்றி, டிசி 20 வோல்ட்டில் வையுங்கள்.

இனி வேலை. இன்ஜின் நிற்கட்டும், ஹெட்லைட் டிம்மில் எரியட்டும். இக்னிஷன் ஆனில் இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றலாம், துண்டு, வேட்டி நுனி ஜாக்கிரதை. கனெக்டரை முன்பக்கம் குத்தாதீர்கள். மீட்டர் முனை தடி, பின்னின் வாய் அகன்றுவிடும், இல்லாத லூஸ் கான்டாக்டை நீங்களே உண்டாக்குவீர்கள். வயர் நுழையும் பின்பக்கமாக, வயரை ஒட்டி மெல்லிய குண்டூசியை மெதுவாக உள்ளே விட்டு அதில் மீட்டரை வையுங்கள். ஒரு சமயத்தில் ஒரு ஊசி போதும், பக்கத்துப் பின்னில் முட்டாது. வயரின் தோலைக் குத்திப் பார்ப்பதும் கூடாது. உவரி, இடிந்தகரைக் கடலோர உப்புக் காற்றில் அந்த ஊசி ஓட்டை போதும், உள்ளே செம்பு பச்சை பூத்துக்கொண்டே போகும்.

மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்க, டிம்முக்கான இரண்டு வயர்களில் 12 பக்கம் காட்டுவது லைவ், பூஜ்யம் பக்கம் காட்டுவது எர்த். நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சில வண்டிகளில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் பொதுவான பின்னுக்கு நேரே 12 வோல்ட் வரும், சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். இப்போது சிவப்பைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பை லைவ் ஊசியிலும் வையுங்கள். வருவது வழியில் தொலைந்த வோல்ட். அப்புறம் சிவப்பை எர்த் ஊசியிலும் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். இதையே வலது பக்கமும் செய்யுங்கள். நல்ல பக்கம் பக்கத்திலேயே இருக்க வேறு கணக்கு எதற்கு? வலது 0.4, இடது 2 என்று வந்தால் எந்தப் பாதையில் கோளாறு என்று தெரிந்துவிடும். அந்தப் பாதையில் ஒவ்வொரு கனெக்டருக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வைத்து அளந்து போங்கள். நல்ல கனெக்டரில் 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலும் பல்ப் ஹோல்டரோ, பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டோதான் மாட்டும். அளக்கும்போதே வயரை லேசாக ஆட்டுங்கள், எண் குதித்தால் ஆள் அதுதான்.

மஞ்சள் நிறக் கனெக்டரைத் தொடாதீர்கள். அது ஏர்பேக், மீட்டரின் சின்னக் கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் ஆரஞ்சு வயரும் நமக்கானது இல்லை, அங்கே ஷாக் உயிரையே எடுக்கும். பல்ப் போட்ட பழைய டெஸ்ட் லேம்ப் ஹார்னுக்கும் லைட்டுக்கும் சரி, சென்சார், ஈசியூ (வண்டியின் கம்ப்யூட்டர்) வயர்களில் வேண்டாம்.

பச்சை பூத்த பின்னை, லைட்டை அணைத்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு, கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சின்ன பிரஷால் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கருகிய ஹோல்டரைச் சுத்தம் செய்து பிரயோஜனமில்லை. சூடு கண்ட தகடு பிடி விட்டிருக்கும். வயர் துண்டோடு புது ஹோல்டர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், அதே கனமான வயராகப் பார்த்து வாங்குங்கள்.

மெக்கானிக் அண்ணாச்சி சொல்வதும் எப்போதும் ஏமாற்று இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீரில் முங்கிய வண்டி என்றால் வயரின் தோலுக்குள்ளேயே தண்ணீர் ஏறியிருக்கும், ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கிளம்பும். அதற்குக் கிட் மாற்றுவதே மேல். ஒரு மழைக்கு ஒரு லைட் மங்கியதற்கு அது தேவைப்படாது. அளந்த எண்களை அவரிடம் சொல்லுங்கள், அந்த ஹோல்டரையோ எர்த்தையோ மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் எண்கள் ஒரே மாதிரி வந்தால் கனெக்டரை விட்டுவிடுங்கள். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் இறங்கி ரிஃப்ளெக்டர் வெளுத்திருக்கிறதா என்று கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.