டெஸ்லா அப்டேட்: நண்பர் காருக்கு வந்துவிட்டது, எனக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: நானும் அலுவலக நண்பரும் 2023-ல்தான் மாடல் ஒய் வாங்கினோம். அவருக்குப் புது மென்பொருள் வந்து இரண்டு வாரம் ஆகிறது. என் காருக்கு இன்னும் வரவில்லை. கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு முதலில் அனுப்புகிறார்களா?
– வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: முதலில் இரண்டு பேரும் திரையில் 'கன்ட்ரோல்ஸ்', அதில் 'சாஃப்ட்வேர்', அதில் 'அடிஷனல் வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன்' என்ற இடத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். தானோட்டக் கணினி மூன்றாம் தலைமுறையா நான்காம் தலைமுறையா, திரையை இயக்கும் சிப் இன்டெல்லா ஏஎம்டியா என்பது அங்கே இருக்கும். 2023 மாடல் ஒய்களிலேயே ஆண்டின் தொடக்கத்தில் வந்தவற்றுக்கும் பிறகு வந்தவற்றுக்கும் கணினி வேறு. வெளியே பார்க்க ஒரே கார்; அனுப்புகிற சர்வருக்கு அவை இரண்டு வகை. ஒரு வகைக்குச் சோதனை முடிந்து, இன்னொரு வகைக்கு முடியாமல் இருப்பது சாதாரணம்.

அடுத்து பதிப்பு எண். 2024.26.3 என்று இருந்தால் ஆண்டு, அந்த ஆண்டின் வாரம், அதன் மேல் செய்த திருத்தம் என்று படிக்க வேண்டும். கூடுதல் பணம் கட்டி வாங்கும் முழு தானோட்ட (எஃப்எஸ்டி) வசதி உள்ள கார்கள் பெரும்பாலும் தனிக் கிளையில், அதாவது தனிப் பதிப்பு வரிசையில், இருக்கும். பொதுக் கிளையின் புதிய பதிப்பில் அந்தத் தானோட்ட மென்பொருள் இன்னும் சேர்க்கப்படவில்லை என்றால், அந்தக் கார்களால் அதற்குத் தாவ முடியாது. ஆகவே கூடுதல் பணம் கட்டியவர்தான் சில சமயம் பின்னால் நிற்கிறார்! தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த காரும் கொஞ்ச காலம் தனிக் கிளையிலேயே இருப்பதுண்டு.

இவையெல்லாம் பொருந்தினாலும் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்புவதில்லை. முதலில் சிறு கூட்டத்துக்கு அனுப்பி, திரும்பி வரும் பிழைப் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் விரிக்கிறார்கள். கோளாறு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, திருத்திய பதிப்போடு மறுபடி தொடங்குவார்கள். உங்கள் நண்பர் முதல் பதிப்பையும் இரண்டு திருத்தங்களையும் வாங்கியிருப்பார். உங்களுக்கு நேராக மூன்றாவதே வரக்கூடும்.

கேள்வி: சீக்கிரம் வர நம் பக்கம் ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, டல்லாஸ்

பதில்: 'சாஃப்ட்வேர்' பக்கத்தில் அப்டேட் விருப்பம் என்று ஒன்று உண்டு. அதை 'ஸ்டாண்டர்ட்' என்பதிலிருந்து 'அட்வான்ஸ்ட்' என்று மாற்றுங்கள். அதோடு வைஃபையை எப்போதும் இணைப்பில் வையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். திரையின் மேலே மஞ்சள் நிறத்தில் பதிவிறக்கக் குறி தெரிந்தால் உங்கள் முறை வந்துவிட்டது, கார் வைஃபைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். மஞ்சள் கடிகாரம் தெரிந்தால் இறங்கி முடிந்தது, நிறுவ நேரம் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தள பார்க்கிங்கில் வைஃபை எட்டாவிட்டால் கைபேசி ஹாட்ஸ்பாட் போதும். ஓட்டும்போதும் இணைப்பு அறுபடாமல் இருக்க, வைஃபை அமைப்பில் 'ரிமெய்ன் கனெக்டட் இன் டிரைவ்' என்பதை இயக்குங்கள்.

ஸ்டீயரிங்கில் உள்ள இரண்டு உருளைகளையும் அழுத்திப் பிடித்துத் திரையை மறுதொடக்கம் செய்தால், பாதியில் சிக்கிய பதிவிறக்கம் சில சமயம் நகரும். வரிசையில் உங்கள் இடம் நகராது.

கேள்வி: ஒழுங்காக ஓட்டுபவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்களாமே, உண்மையா?
– வாசகர், சியாட்டில்

பதில்: ஒரு முறை வெளிப்படையாகவே செய்தார்கள். 2021 செப்டம்பரில், முழு தானோட்ட பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, கேட்டு விண்ணப்பிக்கும் பொத்தான் கார்களுக்கு வந்தது. அழுத்தியவர்கள் ஓட்டுவதை நூற்றுக்கு மதிப்பிட்டார்கள். ஐந்து அளவுகோல்கள்: ஆயிரம் மைலுக்கு எத்தனை மோதல் எச்சரிக்கை, திடீர் பிரேக், வேகமான திருப்பம், முன்வண்டியை ஒட்டி ஓட்டுவது, கவனக்குறைவால் ஆட்டோபைலட் (ஓட்டுநருக்கு உதவும் தானோட்ட வசதி) தானே விலகுவது. ஒரு நொடியில் வேகம் மணிக்கு 6.7 மைலுக்கு மேல் குறைந்தால் திடீர் பிரேக் கணக்கில் சேரும். 50 மைல் வேகத்துக்கு மேல் போகையில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு நொடிக்குக் குறைவான இடைவெளி இருந்தால் ஒட்டி ஓட்டுவதாகக் கணக்கு.

அக்டோபரில் முழு நூறு எடுத்த சுமார் ஆயிரம் பேருக்கு முதலில் போனது. பிறகு மதிப்பெண் வரம்பைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். 2022 நவம்பரில் வட அமெரிக்காவில் அந்த வசதியை வாங்கி, வேண்டும் என்று கேட்ட எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

இந்த வரிசை முறை ஏன் தேவை என்பதற்கு 2021 அக்டோபரே சாட்சி. அந்த மாத இறுதியில் அனுப்பிய 10.3 பதிப்பில், சென்ட்ரி காவல் நிலையிலிருந்தோ சம்மன் (நிறுத்திய காரைக் கைபேசியால் அழைக்கும் வசதி) தயார் நிலையிலிருந்தோ கார் விழித்தெழும்போது இரண்டு சிப்களுக்கு இடையே தொடர்பு அறுந்தது. மற்ற வண்டிகளின் வேகத்தைக் கார் தப்பாகக் கணித்து, பொய்யான மோதல் எச்சரிக்கை கொடுத்தது, தானாகவே பிரேக்கும் போட்டது. நெடுஞ்சாலையில் இது விளையாட்டில்லை. உடனே பழைய பதிப்புக்குத் திருப்பி, ஓரிரு நாளில் திருத்தம் அனுப்பினார்கள். இதற்கான ரீகாலில் (பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய நிறுவனம் முறைப்படி அறிவிப்பது) சேர்ந்தவை 11,704 கார்கள். அன்று ஓடிக்கொண்டிருந்த எல்லா டெஸ்லாக்களுக்கும் ஒரே மூச்சில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: வந்ததும் உடனே நிறுவலாமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வீட்டில் ஒரே கார் என்றால் 'ஸ்டாண்டர்ட்' நிலையில் இருப்பதே என் பரிந்துரை. நிறுவியபின் பழைய பதிப்பு வேண்டும் என்று கேட்டால் சர்வீஸ் மையத்தில் மாற்றித் தர மாட்டார்கள். வேறு நிறுவனங்களிலும் சறுக்கல் நடந்திருக்கிறது: 2023 நவம்பரில் மின்கார் நிறுவனமான ரிவியன் தவறான பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட பதிப்பை அனுப்பிவிட, அதை வாங்கிய கார்களில் திரைகள் செயலிழந்தன. கார் ஓடியது, பரவலைப் பாதியில் நிறுத்தியதால் மற்றவர்கள் தப்பினார்கள்.

நிறுவ ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், சில சமயம் கூடுதலாகும். அதுவரை காரை நகர்த்த முடியாது, ஏசியும் இருக்காது. குழந்தையையோ நாயையோ உள்ளே விட்டுவிட்டு ஒருபோதும் தொடங்காதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் நின்றுவிடும், முடிந்ததும் தானே தொடரும். விடியற்காலை விமானத்துக்குக் கிளம்ப வேண்டிய இரவில் நேரம் குறிக்க வேண்டாம்.

கேள்வி: ரீகால் கடிதம் தபாலில் வந்திருக்கிறது. சர்வீஸ் மையத்துக்குப் போக வேண்டுமா?
– வாசகர், சிகாகோ

பதில்: கடிதத்தில் 'தீர்வு' என்ற பகுதியைப் படியுங்கள். மென்பொருள் வழித் திருத்தம் என்றிருந்தால் போக வேண்டாம். 2023 டிசம்பரில் ஆட்டோபைலட்டுக்காக அறிவித்த ரீகால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கானது; திருத்தம் காற்று வழியாகவே போனது. கடிதம் சட்டப்படி அனுப்பப்படுவதால், காரில் திருத்தம் ஏறிப் பல வாரம் கழித்தும் வரும். உங்கள் காரின் எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகள் கொண்ட அடையாள எண்ணை (விஐஎன்) அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தில் இட்டால், நிலுவையில் உள்ள ரீகால்கள் தெரியும். இன்னும் நிலுவை என்று காட்டினால், மற்ற அப்டேட்டைப் போலத் தள்ளிப்போடாமல் அன்றிரவே வைஃபையில் இணைத்து நிறுவிவிடுங்கள்.