சிவப்புப் பேனா தீர்ந்த நாள்

கேள்வி: ஏனுங்க ஐயா, கோயம்புத்தூரில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன், லீவுக்கு வந்த இடத்தில், இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். பழகுகிறான். ‘அதெல்லாம் ஒரு புரோகிராமிங்கா?’ என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்களாம். அவன் படிப்பது வீண்தானுங்களா?
– வாசகி, பெருந்துறை

பதில்: சிரிப்பவர்கள் சொல்வது பொய்யில்லைங்க அம்மா. எச்.டி.எம்.எல்.லுக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியாது. ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்று முடிவெடுக்கவும் தெரியாது. அதன் வேலை குறி போடுவது.

ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் 11 வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு அடியில் சிவப்பு மையில் நெளிகோடு இழுத்தால், கம்பாசிட்டர் அதைக் கொட்டை எழுத்தில் கோப்பார். கோடு அச்சில் வராது. இப்படிக் குறி போடுவதற்கு ஆங்கிலத்தில் மார்க்அப் என்று பெயர். கணினிக்காரர்கள் அதை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது. சாமி பெயருக்குப் பக்கத்தில் ‘இதைப் பெரிதாக’ என்று நீல மையிலேயே எழுதி அனுப்பினேன். கம்பாசிட்டர் புதுப் பையன். முகூர்த்த நெருக்கடியில் புரூஃபையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ‘அங்காளம்மன் இதைப் பெரிதாக துணை’ என்று 500 பத்திரிகை அச்சாகி நின்றது! காகிதக் காசு என் சம்பளத்தில் போனது.

வாசகம் எது, கட்டளை எது என்று பிரிக்க ஒரு சிவப்பு மை வேண்டும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ எச்.டி.எம்.எல்.லை உருவாக்கியபோது, ஆவணங்களுக்குக் குறி போடும் முறையாக 1986-இல் சர்வதேசத் தரமாகியிருந்த எஸ்.ஜி.எம்.எல். வழியைப் பின்பற்றினார். கணக்கில் சிறியது, பெரியது என்று போடுவோமே, அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே இருப்பது கட்டளை. மற்றதெல்லாம் வாசகம்.

பிரவுசர் அந்தப் பையனைவிடக் கெட்டி. திறந்த குறியை மூட மறந்தாலும் ஊகித்துச் சமாளித்துவிடும். 2000-இல் எக்ஸ்.எச்.டி.எம்.எல். என்று கறாரான ஒன்று வந்தது. ‘இது எக்ஸ்.எச்.டி.எம்.எல்.’ என்று பிரவுசருக்கு முறைப்படி சொல்லி அனுப்பினால் ஒரு பிழைக்கே பக்கம் நின்றுபோகும். அது எடுபடவில்லை. எச்.டி.எம்.எல். 5 வந்தபோது, பிழையை எப்படிச் சமாளிப்பது என்பதையே விதியாக எழுதிவிட்டார்கள்.

வீணா என்றால், இல்லைங்க. கூட்டாளிகள் எந்த மொழியில் எழுதினாலும் இணையப் பக்கம் பிரவுசர் கைக்குப் பெரும்பாலும் எச்.டி.எம்.எல்.லாகத்தான் வந்து சேரும். மகன் தலைப்பைத் தலைப்பு என்றே குறித்திருக்கிறானா, இல்லை எழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். பார்வையற்றவர்கள், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளில் பெரும்பாலும் தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் பக்கத்தைத் தேடுவார்கள். வெறும் பெரிய எழுத்து அதற்குத் தலைப்பாகத் தெரியாது. அப்புறம், தமிழ்ப் பக்கமென்றால் தொடக்கத்திலேயே மொழி ‘டி.ஏ.’ (ta) என்று குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த மென்பொருள் நம் தமிழை ஆங்கில வாயால் வாசிக்கப் பார்க்கலாம்.