பட்டாளத்துத் தாத்தாவின் ட்ரங்க் பெட்டி: இணையத்தில் எப்படிக் காப்பது?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா போய்த் திரும்பியவர். 1987இல் இறந்தார். அவருடைய ட்ரங்க் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்தது), மூன்று பதக்கங்கள், சீருடையில் ஒரு படம், ஏழெட்டுக் கடிதங்கள் இருக்கின்றன. அவருடைய தம்பியும் பட்டாளத்துக்குப் போனார், திரும்பவில்லை. 'காணவில்லை' என்று ஒரு தாள் வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தாள் இப்போது இல்லை. பாட்டிக்கு 96 வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. இதையெல்லாம் இணையத்தில் நிரந்தரமாகப் பதிந்து வைக்க ஆசை. எங்கே போடுவது? முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினால் போதுமா?

பதில்: பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். பெட்டி இத்தனை வருடம் காத்திருந்தது, இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும்.

செல்பேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், அடுப்பில் குக்கர் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஒரு முன்னாள் சுபேதாரிடம் நான் எடுத்த இரண்டு மணி நேரப் பேட்டியில் இன்றைக்குத் தெளிவாகக் கேட்பது தலைக்கு மேல் சுற்றிய விசிறிதான். 'போர்க்காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'எனக்கென்னப்பா தெரியும்' என்றுதான் பாட்டி சொல்வார். மணியார்டர் யார் பெயருக்கு வந்தது, கடிதத்தை ஊரில் யார் படித்துக் காட்டினார்கள், தாத்தா திரும்பியபோது எந்த ரயில் நிலையத்தில் இறங்கினார், பையில் என்ன கொண்டுவந்தார், ராத்திரியில் பிதற்றுவாரா, தம்பியைப் பற்றிய தாள் வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். சீருடைப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பது இதையெல்லாம்விட நல்ல வழி.

பதிவின் தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். பொதுவில் வைக்கலாமா என்று கேட்டு, பாட்டி சரி என்று சொல்வதும் அதே பதிவில் இருக்கட்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து முன்னாள் படைவீரர்களின் நினைவுகளைச் சேர்த்து வருகிறது. பேட்டி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. 96 வயதில் ஒரே மூச்சில் 30 நிமிடம் கஷ்டம். பத்துப் பத்து நிமிடமாக நாலைந்து நாள் எடுங்கள்.

இப்போது அண்ணன் தம்பி இருவருக்கும் வருவோம். நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு. போரில் இறந்தவருக்கு இணையத்தில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உயிரோடு திரும்பியவருக்கு அப்படி ஓர் இடத்தை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. வீட்டார்தான் உண்டாக்க வேண்டும்.

முதலில் தம்பி, அதாவது உங்கள் சின்னத் தாத்தா. 1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளை வைத்திருக்கிறது. அதன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போருக்கு அவர்கள் கணக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. ஆகவே போர் முடிந்த பிறகு படையில் இருந்தபடி மருத்துவமனையில் இறந்தவரும் பட்டியலில் வருவார். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களின் பெயர்கள் ரங்கூன் பக்கம் தௌக்கியானில் உள்ள நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர் பக்கம் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில் 24,000க்கு மேல். இந்து, சீக்கிய வீரர்கள் தகனம் செய்யப்பட்டதால் நாகாலாந்தின் கொஹிமாவில் தனியாக ஒரு தகன நினைவிடமே இருக்கிறது. அதில் 917 பெயர்கள்.

தேடும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் எழுத்துக்கூட்டல்தான். முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம். எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. முழுப் பெயரைப் போட்டு 'இல்லை' என்று வந்ததும் விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் வைத்து, படை 'இந்திய ராணுவம்' என்று வடிகட்டிப் பாருங்கள். நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தான் என்பதால் அது குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஏறியிருக்கும். பல பதிவுகளில் 'கூடுதல் தகவல்' என்ற இடத்தில் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். அங்கே இன்றைய வேலூர் மாவட்டத்தைத் தேடாதீர்கள். உங்கள் ஊர் அன்றைக்கு வடஆற்காடு. மாவட்டத்தையும் ஊரையும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால், சின்னத் தாத்தாவின் பெயர் எப்படித் திரிந்திருந்தாலும் ஊரை வைத்துப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

பதிவு கிடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் சான்றிதழை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயரோ ஊரோ தப்பாக இருந்தால் ஆதாரத்துடன் எழுதித் திருத்தச் சொல்லலாம். 2023 முதல் 'ஃபார் எவர்மோர்' என்ற பெயரில், இறந்தவர்களைப் பற்றிய கதையையும் படத்தையும் குடும்பத்தாரே ஏற்றுவதற்கு ஆணையம் தன் தளத்தில் இடம் கொடுத்திருக்கிறது. சின்னத் தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொல்வதை அங்கே போடுங்கள். அவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கிடைக்காமலும் போகலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்திய, ஆப்பிரிக்க வீரர்களைப் பதிந்ததில் பெரிய பாரபட்சம் நடந்திருப்பதை ஆணையத்தின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்றது. அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டின் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். 1914-18 பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. இரண்டாம் போரில் நிலைமை இதைவிட நன்று. ஆனாலும் 'காணவில்லை' என்ற சொல்லுக்குச் சாவு மட்டும் அர்த்தம் இல்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். சின்னத் தாத்தா மலேயா பக்கம் அனுப்பப்பட்டவர் என்று வீட்டில் பேச்சு இருந்தால், இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தையும் துழாவுங்கள். ஐ.என்.ஏ. கோப்புகள் அங்கே இருக்கின்றன.

இனித் தாத்தா. பஞ்சாப்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2021 முதல் அவை இணையத்துக்கு வரத் தொடங்கின. போனவர், வந்தவர், வராதவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நம் பக்கத்துக்கு அப்படி ஒன்று வரவில்லை. ஆகவே உங்கள் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம்தான் தாத்தாவின் ஆவணக் காப்பகம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது படை எண். பெயர் திரியும், எண் திரியாது. அடுத்தது எந்தப் பிரிவு என்பது. பர்மா போனவர் என்றதும் துப்பாக்கி பிடித்த காலாட்படை என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். முதல் போருக்குப் பின் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டு, இரண்டாம் போரின்போதுதான் மறுபடி எழுப்பப்பட்டன. தமிழர் பலர் போனது பாலமும் சாலையும் போட்ட மதராஸ் சாப்பர்ஸ், உடலுழைப்பு வேலைகளுக்கான பயோனியர் படை, சப்ளை லாரிகள், மருத்துவப் படை, பணிமனைகளுக்கு. தாத்தா லாரி ஓட்டியிருந்தால் லாரி ஓட்டினார் என்றே எழுதுங்கள். அந்தக் காட்டுப் பாதையில் அது சின்ன வேலை இல்லை.

பிரிவு தெரிந்தால் ஆவண அலுவலகம் தெரிந்துவிடும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். 'தம்பிகள்' என்று பட்டாளமே செல்லமாக அழைக்கும் மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. படை எண், இறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் உறவுமுறை ஆகியவற்றுடன் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். அவ்வளவு பழைய கோப்பு இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது, கேட்பதில் நஷ்டம் இல்லை. எங்கே எழுதுவது என்று புரியாவிட்டால் வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடிதங்களின் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எஃப்.பி.ஓ. என்று ஓர் எண்ணுடன் வட்ட முத்திரை இருக்கும். அது போர்முனைத் தபால் நிலையத்தின் எண். தணிக்கைக்குப் பயந்து கடிதத்தில் ஊர்ப் பெயர் எழுத மாட்டார்கள். எந்தத் தேதியில் எந்த எண் எந்த ஊரில் இயங்கியது என்று தபால் வரலாற்று ஆர்வலர்கள் பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத் தாத்தா போன வழியை ஓரளவு வரைபடத்தில் கோடு போட்டுவிடலாம்.

லேமினேஷன் மட்டும் வேண்டாம். என் அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நானேதான் தாள் தாளாகப் பிரித்து லேமினேட் செய்தேன். பத்து வருடத்தில் மை பழுப்பாக மங்கியது, பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் கூடவே வருகிறது. இன்று இந்த வேலையே செய்து பிழைக்கிறேன், அந்தப் புத்தகத்தை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. படம் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் படமெடுங்கள். மற்றவற்றைச் சமதள ஸ்கேனரில், 600 டிபிஐ அளவில், வண்ணத்தில், வெற்றுப் பின்பக்கம் உட்பட எடுங்கள். தாளை உள்ளே இழுக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்தில் கொடுத்துவிடாதீர்கள். மூலப் பிரதி தரம் குறையாத 'டிஃப்' (TIFF) கோப்பாக இருக்கட்டும், இணையத்துக்குச் சிறிய ஜேபெக் (JPEG) கோப்பு போதும். தாள்களை அமிலமில்லாத உறையில் போட்டு, ஈரம் வராத அலமாரியில் வையுங்கள். ட்ரங்க் பெட்டிக்குள் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கே போடுவது என்பதற்கு இப்போது வருகிறேன். முகநூல் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிக்க நல்லது. சேமிப்புக் கிடங்காக அதை நம்பாதீர்கள். ஜியோசிட்டீஸ் என்று ஒரு காலத்தில் லட்சக்கணக்கானோர் வீட்டுப் பக்கம் கட்டிய தளத்தை 2009இல் இழுத்து மூடினார்கள். உங்களுக்கு நான் சொல்வது இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம். இலவசம், படமும் ஒலியும் ஆவணமும் ஒரே இடத்தில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி கிடைக்கும். அதுவும் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் பல நாள் முடங்கியது. ஆகவே மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று அங்கே, ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். சீருடைப் படத்தை விக்கிப்பீடியாவின் பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றலாம். இந்தியாவில் 1958க்கு முன் எடுத்த படங்களுக்குப் பெரும்பாலும் காப்புரிமை முடிந்திருக்கும். தாத்தாவின் ரெஜிமென்ட் மையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

கோப்பை ஏற்றுவதைவிட அதைப் பற்றி எழுதும் நாலு வரிதான் முக்கியம். 'தாத்தா படம்' என்று மட்டும் போட்டால் அடுத்த தலைமுறைக்கு அவர் யாரோ. பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும், படை எண், பிரிவு, ஊர், அன்றைய மாவட்டம், வருடம், பாட்டி சொன்னது எது, தாளில் இருப்பது எது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய குடும்ப வரலாறுகள் இன்று வெறும் குறிகளாகத் திறப்பதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

எதை மறைப்பது? பாட்டியின் பென்ஷன் எண், வங்கிக் கணக்கு, கைரேகை உள்ள பக்கங்களைப் பொதுவில் வைக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சாதியும் மதமும் எழுதும் இடம் இருக்கும். சிலர் அதை அழித்துவிட்டு ஏற்றச் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாதவர்கள் சீருடை போட்டதும் எப்படி மாறினார்கள் என்பதைப் பிற்காலத்தில் ஆராய்பவருக்கு அந்த ஒரு சொல் வேண்டும். வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு; பொதுப் பிரதியில் மறைத்தாலும் மூலத்தில் கை வைக்காதீர்கள். சிவப்பு மையில் தண்டனைக் குறிப்பு ஏதாவது இருந்தாலும் இதேதான்.

அப்புறம் அந்த மூன்று பதக்கங்கள். படமெடுப்பதற்கு முன் பளபளவென்று இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஆறு முனை வெண்கல நட்சத்திரத்தில் பர்மா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் அந்தப் போர்முனையில் இருந்ததற்கு அதுவே சான்று. பிறகு மூன்றையும் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பி, விளிம்பையும் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பொறித்திருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எண் வேறாக இருந்தால், பதக்கம் சின்னத் தாத்தாவுடையதாகவும் இருக்கலாம்.