அடகுச் சீட்டை வைத்துப் பொறியியல் வேண்டாம்

அம்மா, சனிக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து மகளோடு வந்தீர்களே, அன்று உங்களிடம் பேச உங்கள் அண்ணன் இடம் கொடுக்கவில்லை. மகள் குற்றவியல் படிக்க வேண்டும் என்றதும், ‘பெண் பிள்ளைக்குத் திருடனைப் பற்றி என்ன படிப்பு?’ என்று நான்கு முறை கேட்டார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது என் தவறு.

நீங்கள் மேசையில் வைத்த பிளாஸ்டிக் உறையில் தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டணச் சீட்டும் சங்கிலி அடகுச் சீட்டும் ஒன்றாக மடிந்திருந்தன. கணிதத்தில் ஒட்டிப் பாஸான பிள்ளை அவள். நிர்வாக ஒதுக்கீட்டில் அவளுக்கு கம்ப்யூட்டர் இடம் வாங்கினால், நான்கு ஆண்டுகளில் உங்களிடம் மிஞ்சுவது வட்டியும் அரியரும்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

குற்றவியல் படித்தால் போலீஸ் ஆகிவிடலாம் என்று அவளும் நினைக்கிறாள். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். அதற்காக இதைப் படிக்க வேண்டாம். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் தடயங்களை ஆய்வகத்தில் சோதிக்கும் தடய அறிவியல் வேறு. அந்த ஆய்வகத்துக்கு வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோது அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? கூடப் படித்தவளின் தம்பியைப் போலீஸ் அழைத்துப்போனதாம். ‘அவன் ஏன் எட்டாவதோடு நின்றான் என்று யாருமே கேட்கவில்லை சார்’ என்றாள். அதைக் கேட்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது: நன்னடத்தை அலுவலர்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட சிறுவனை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள்; அந்த இருவரில் ஒருவராவது பெண். அறிக்கைக்காக அலுவலர் அவன் வீட்டுக்குப் போவார். அப்பா குடிக்கிறாரா, அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், பள்ளி எப்போது நின்றது, யாரோடு சுற்றுகிறான் என்று விசாரித்து எழுதுவார். பையனை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது குழுமத்தின் கையில் அந்தத் தாள்கள் இருக்கும். பெரியவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட நினைக்கும் நீதிமன்றம், அலுவலரின் அறிக்கை வந்திருந்தால் அதையும் பார்க்கும். காசிமேட்டுச் சந்துக்குள் கூச்சமில்லாமல் நுழைந்து, திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவள் எழுதினால் அந்த அறிக்கையே வேறாக இருக்கும். உங்கள் அண்ணன் குறையாகச் சொன்ன ஊர்தான் அவளுக்கு மூலதனம்.

மறைக்கவில்லை: பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வரக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம் என்கிறேன். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் முதலில் ஒரு பட்டம். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் முதுகலை. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறினால், அந்தத் துறை இருக்கும் சேப்பாக்கம். விடுதிச் செலவு கிடையாது. பெயர்ப் பலகையில் ‘குற்றவியல்’ என்று எழுதி லட்சம் கேட்கும் இடங்களின் பக்கமே போகாதீர்கள்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றீர்கள். கட்டாதீர்கள். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ச் சங்கிலியை மீட்டுவிடுங்கள். அடுத்த முறை அண்ணன் இல்லாமல், அவளை மட்டும் அழைத்து வாருங்கள்.