ஏதென்ஸ் ஃபெல்லோஷிப்ல "தகுதி இல்லை"ன்னு திருப்பி அனுப்பினா

பழைய கிரேக்க நகரம் கொரிந்தோட பானை ஓடுகளை ஆராய மதுரைலேருந்து ஏதென்ஸ் ஃபெல்லோஷிப்புக்குப் போட்டேன், ஏன் திருப்பி அனுப்பினாங்கன்னு கேட்டிருக்கீங்க. உங்க ப்ரொபோசல்ல பிரச்சனை இல்லைங்க, ஒரே வரில "தகுதி இல்லை"ன்னு வந்ததுக்குக் காரணம் பெரும்பாலும் பாஸ்போர்ட்தான். ஏதென்ஸ்ல இருக்கற அமெரிக்கன் ஸ்கூல்ங்கற ஆராய்ச்சி நிறுவனத்துல, என்.ஈ.எச். (அமெரிக்க அரசோட மானுடவியல் துறைகளுக்கான நிதி அமைப்பு) பணத்துல குடுக்கற ஃபெல்லோஷிப்புக்கு அமெரிக்கக் குடிமகனா இருக்கணும், இல்லன்னா அப்ளை பண்றதுக்கு முன்னாடி 3 வருஷம் அமெரிக்காவுல குடியிருந்திருக்கணும், மதுரைல உக்காந்து போட்டா ப்ரொபோசலைப் பிரிச்சுக்கூட பாக்க மாட்டாங்க.

அடுத்தது போடறதுக்கு முன்னாடி, எலிஜிபிலிட்டி பாராவுல சிட்டிசன்ஷிப், ரெசிடென்ஸ்னு ரெண்டு வார்த்தையையும் தேடிப் பாருங்க. பணம் யாரு போடறாங்கன்னும் பாருங்க, அரசாங்கப் பணம்னா இந்த மாதிரி கண்டிஷன் அடிக்கடி இருக்கும்.

பிஎச்டி முடிச்சாச்சுன்னு சொல்றீங்க, அப்போ ஜெர்மனியோட ஹம்போல்ட் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்குப் போடுங்க. எந்த நாட்டுக்காரரும் போடலாம், ஆனா அங்க ஒரு புரொபசர் உங்களை வெச்சுக்கறேன்னு லெட்டர் குடுக்கணும், ஃபார்மை விட அதுதாங்க பெரிய வேலை. வாஷிங்டன்ல ஹார்வர்டோட ஹெலனிக் ஸ்டடீஸ் (பழைய கிரேக்க ஆய்வு) சென்டரும் இருக்கு, அதையும் பாருங்க.

ஒண்ணு மட்டும், கொரிந்த்ல 1896லேருந்து தோண்டறது அதே அமெரிக்கன் ஸ்கூல்தான். வேற எங்க ஃபெல்லோஷிப் கிடைச்சாலும், இன்னும் பிரசுரம் ஆகாத ஓடுகளைப் பாக்க அவங்க பர்மிஷன் தனியா வாங்கணும், அதுக்கு இப்பவே மெயில் போட்ருங்க.